ஆம்பூலை உடைத்த பிறகு பெயர் எங்கே போகிறது?

ஒரு தட்டில் மூன்று சிரிஞ்ச். மூன்றிலும் தண்ணீர் மாதிரித் தெளிந்த திரவம். ஒன்று வலி மருந்து, ஒன்று வாந்தியை அடக்கும் மருந்து, மற்றது மூச்சுவிடும் தசைகளை ஓரிரு நிமிடத்தில் முடக்கிப்போடும் மருந்து. எது எது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது, குலுக்கிப் பார்த்தாலும் தெரியாது. மேலே ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதம் சொன்னால்தான் உண்டு.

மாத்திரையில் இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை. வடிவம், நிறம், மேலே பொறித்த எழுத்து என்று ஏதோ ஓர் அடையாளம் இருக்கும். தப்பான மாத்திரையை விழுங்கிவிட்டாலும் அது கரைந்து ரத்தத்தில் சேர்வதற்குள் ஏதாவது செய்யக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ரத்தக்குழாயில் போன ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. சிலவற்றுக்கு முறிமருந்து உண்டு, பலவற்றுக்கு இல்லை. பார்த்ததும் அடையாளம் தெரியும் ஊசி மருந்துகளும் மிகக் குறைவு. மயக்கத்துக்குப் போடும் புரோபோஃபால் பால் போல வெள்ளையாக இருக்கும் என்பார்கள். உடம்புக்குச் சத்தாக ஏற்றும் கொழுப்புக் கரைசலும் அதே வெள்ளைதான்.

அப்படியென்றால் லேபிளைத் தெளிவாக அச்சிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். அதில் பாதிதான் சரி. ஊசி மருந்து ஒரே இடத்தில் இருப்பதில்லை. அட்டைப் பெட்டியிலிருந்து ஆம்பூல், அதாவது மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிச் சிமிழ், வெளியே வருகிறது, ஆம்பூலிலிருந்து மருந்து சிரிஞ்சுக்குப் போகிறது, சிரிஞ்சிலிருந்து சலைன் பைக்கோ குழாய்க்கோ, அங்கிருந்து உடம்புக்கு. ஒவ்வொரு தாவலிலும் மருந்து முன்னால் போய்விடுகிறது, பெயர் பின்னாலேயே நின்றுவிடுகிறது. கம்பெனி எவ்வளவு அழகாக அச்சிட்ட லேபிளாக இருந்தாலும் அது உடைந்த ஆம்பூலோடு குப்பைக்குப் போய்விடும்.

இது எப்போதாவது நடக்கும் விபத்தும் இல்லை. நியூசிலாந்தில் மயக்க மருத்துவர்களிடம் கணக்கெடுத்து 2001இல் வெளியான ஆய்வில், 133 முறை மயக்கம் கொடுத்தால் ஒரு முறை மருந்துப் பிழை நடந்ததாகத் தெரிந்தது. அது தாங்களாகவே ஒப்புக்கொண்ட கணக்கு. அப்புறம் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆட்களை அருகில் நிறுத்திப் பார்த்தார்கள், அந்த ஆய்வு 2016இல் வெளியானது. 277 அறுவை சிகிச்சைகள், 3,600க்கும் மேற்பட்ட மருந்து செலுத்தல்கள். ஏறத்தாழ 20க்கு ஒன்றில் பிழையோ அதன் பாதிப்போ இருந்தது. அதிகம் தென்பட்ட பிழை வகைகளில் லேபிள் பிழையும் ஒன்று. பெரும்பாலானவை உயிரைப் பறிக்கும் பிழைகள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அதே பழக்கம், வேறொரு மருந்து என்று வந்தால் கதை மாறிவிடும்.

கண் எப்போது படிக்கிறது?

‘கவனமாகப் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?’ பிழை நடந்ததும் எழும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் ஒரே வேலையை நூறு முறை செய்த கண் எதையும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. பழகிய இடத்தில் பழகிய நிறத்தைப் பார்க்கிறது, அதையே மருந்தின் பெயராக எடுத்துக்கொள்கிறது. மேசை மேல் இருப்பது நம் சாவிக்கொத்துதான் என்று எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளும் அதே மூளைதான் இங்கேயும் வேலை செய்கிறது.

ஹெப்பாரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து. குழந்தைகளின் ரத்தக்குழாயில் போட்டிருக்கும் குழாய் அடைத்துக்கொள்ளாமல் கழுவிவிட ஒரு மி.லி.க்கு 10 யூனிட் கொண்ட மெல்லிய கரைசல் இருந்தது. பெரியவர்களுக்கான சிகிச்சைக்கு மி.லி.க்கு 10,000 யூனிட். இரண்டும் சின்னக் குப்பிகள், இரண்டின் லேபிளிலும் நீலம், ஒன்று கொஞ்சம் அடர்த்தி, மற்றது கொஞ்சம் வெளிர். 2006இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் குறைமாதக் குழந்தைகளுக்கு 10 யூனிட்டுக்குப் பதில் 10,000 யூனிட் மருந்து போய், மூன்று குழந்தைகள் இறந்தன. பெரியவர்களுக்கான குப்பிகள் குழந்தைகள் பிரிவின் மருந்து அலமாரியில் தவறுதலாக வைக்கப்பட்டிருந்தன. அந்த டிராயரைத் திறந்த நர்ஸ்களுக்கு அங்கே 10 யூனிட்தான் இருக்கும் என்பது தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை யார் படிக்கிறார்கள்? அடுத்த வருடமே லாஸ் ஏஞ்சல்ஸில் அதே பிழை, அதே ஆயிரம் மடங்கு. நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகள் பாதிக்கப்பட்டுப் பிழைத்துக்கொண்டதால் அது உலகத்துக்கே செய்தியானது. தயாரிப்பாளர் அதற்குச் சற்று முன்புதான் புது லேபிளைக் கொண்டுவந்திருந்தார். பழைய லேபிள் ஒட்டிய குப்பிகள் அலமாரிகளில் அப்படியே இருந்தன.

தெளிவான எச்சரிக்கை இருந்தும் கண்ணில் படாமல் போன சம்பவமும் உண்டு. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு நோயாளிக்கு ஸ்கேன் பயத்தைத் தணிக்க மிடசோலம் கொடுக்கச் சொன்னார்கள். அதன் பிராண்டுப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை மருந்து அலமாரியின் கம்ப்யூட்டரில் தட்டினார் நர்ஸ். ஜெனரிக் எனப்படும் பொதுப் பெயர்களில் மட்டும் தேடிய அந்த இயந்திரம், அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வெக்குரோனியத்தை நீட்டியது. அது தசைகளை முடக்கும் மருந்து. மிடசோலம் திரவமாகவே வரும். வெக்குரோனியம் பொடி, தண்ணீர் கலக்க வேண்டும். அதன் மூடியிலேயே ‘எச்சரிக்கை, தசைகளை முடக்கும் மருந்து’ என்று எழுதியிருந்தது. இத்தனையும் தாண்டி மருந்து உள்ளே போனது, நோயாளி இறந்தார். நர்ஸ் மீது குற்ற வழக்கு நடந்து 2022இல் தீர்ப்பும் வந்தது. அவர்மேல் தப்பே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும் என்று வைத்திருந்த இயந்திரத்தை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? இப்போது குறைந்தது ஐந்து எழுத்தாவது தட்டினால்தான் பெயர்ப் பட்டியல் வர வேண்டும் என்று மருந்துப் பிழைகளை ஆராயும் ஐ.எஸ்.எம்.பி. என்ற அமெரிக்க அமைப்பு சொல்கிறது.

இதனால்தான் நல்ல லேபிளுக்கான வரையறையே மாறிப்போனது. நின்று நிதானமாகப் படிப்பவருக்குப் புரிகிற லேபிள் போதாது. படிக்காமல் கை நீட்டுகிறவரையும் அது ஒரு கணம் தயங்க வைக்க வேண்டும். நீர்க்காத பொட்டாசியம் குளோரைடு இதற்கு நல்ல உதாரணம். அப்படியே ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதன் குப்பிக்கு மட்டும் கறுப்பு மூடி, அதன் மேல் ‘கட்டாயம் நீர்க்க வேண்டும்’ என்ற சொற்கள் என்று அமெரிக்காவில் விதி வைத்தார்கள். அதற்கு மேலும் ஒரு படி போய், அந்தக் குப்பியை வார்டு அலமாரியிலேயே வைக்க வேண்டாம் என்றார்கள். இரண்டாவதுதான் பெரிய காரியம் என்பது என் எண்ணம். கைக்கு எட்டாத குப்பியை யாரும் மாற்றி எடுக்க முடியாது.

எண்ணில் ஒளிந்திருக்கும் ஆபத்து

பெயர் சரி, எண்? அட்ரினலின் ஆம்பூலில் வெகுகாலம் ‘1:1000’, ‘1:10,000’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1000 மி.லி. திரவத்தில் ஒரு கிராம் மருந்து என்பது முதலாவதின் பொருள். அதாவது மி.லி.க்கு 1 மி.கி. இரண்டாவது மி.லி.க்கு 0.1 மி.கி. எண் பெரிதாகப் பெரிதாக மருந்து மெலிதாகிறது. ஒருவர் கடுமையான ஒவ்வாமையில் முகம் வீங்கி மூச்சுக்குத் திணறும்போது பக்கத்தில் நிற்பவர் இந்தக் கணக்கை மனதில் போட வேண்டும். பெரியவர்களுக்கு அந்த நேரத்தில் தசையில் போடுவது 0.5 மி.கி., முதல் கரைசலில் அரை மி.லி. இதயம் நின்றுபோனவருக்கு ரத்தக்குழாயில் 1 மி.கி., இரண்டாவது கரைசலில் 10 மி.லி. மாற்றிப் போட்டால் பத்து மடங்கு கூடும், அல்லது பத்தில் ஒன்றாகக் குறையும்.

அமெரிக்காவில் மருந்துத் தரங்களை வகுக்கும் யூ.எஸ்.பி. அமைப்பு, ஒரே மருந்து மட்டும் உள்ள ஊசிகளில் இந்த விகிதக் கணக்கை 2016 மே மாதத்திலிருந்து நிறுத்திவிட்டது. நேரடியாக மி.லி.க்கு இத்தனை மி.கி. என்றே எழுத வேண்டும். மரப்பு மருந்தோடு துளியளவு அட்ரினலின் கலந்து வரும் குப்பிகளுக்கு மட்டும் விலக்கு. அந்த மரப்பு மருந்துகளில் சதவீதக் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2 சதவீத லிக்னோகைன் என்றால் மி.லி.க்கு 20 மி.கி. தெரிந்தவருக்கு இது ஒன்றுமில்லை. நடு இரவில் புதிதாக வேலைக்கு வந்தவருக்கு?

ஹெப்பாரின் லேபிளிலும் இன்னொரு பொறி இருந்தது. குப்பியில் ‘மி.லி.க்கு 10,000 யூனிட்’ என்று பெரிதாக இருக்கும். குப்பிக்குள் மொத்தம் 4 மி.லி. இருந்தால் உள்ளே இருப்பது 40,000 யூனிட். பெரிய எழுத்தில் இருப்பதையே மொத்த அளவாக எடுத்துக்கொண்டு முழுக் குப்பியையும் ஏற்றினால் அவ்வளவுதான். 2013 மே முதல் அமெரிக்காவில் குப்பியின் மொத்த அளவை முதலில் போட்டு, மி.லி. கணக்கை அடைப்புக்குறிக்குள் தரச் சொன்னார்கள். பார்க்கச் சின்ன மாற்றம். எதை முதலில் எழுதுவது என்பதில்கூட உயிர் இருக்கிறது.

தசமப் புள்ளியும் அப்படித்தான். ‘1.0’ என்று எழுதினால் புள்ளி மங்கிப்போனதும் 10 ஆகிவிடும். முன்னால் பூஜ்யம் போடாமல் ‘.5’ என்று எழுதினால் 5 ஆகிவிடும். யூனிட் என்பதைச் சுருக்கி ஆங்கிலத்தின் ‘யு’ எழுத்தை மட்டும் கிறுக்கினால் அது இன்னொரு பூஜ்யமாகத் தெரியும், 4 யூனிட் இன்சுலின் 40 ஆகும். மைக்ரோகிராமுக்குப் போடும் கிரேக்க எழுத்து மில்லிகிராமாகத் தெரிந்தால் ஆயிரம் மடங்கு. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் எழுதக்கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியலே போட்டது. யூனிட்டின் ஒற்றை எழுத்தும் வால் பூஜ்யமும் அதில் உண்டு.

பெயர் குழப்பத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு சூழ்ச்சி கண்டுபிடித்தார்கள். டோபமைன், டோபுட்டமைன் மாதிரி இரட்டைப் பிறவிகளில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001இல் இதைத் தொடங்கியது. உதவுகிறது என்பவர்களும் உண்டு, பெரிதாகப் பலனில்லை என்பவர்களும் உண்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு இந்த வழி இல்லை, தடித்த எழுத்தையோ வேறு நிறத்தையோதான் நாட வேண்டும்.

கலக்கும் தண்ணீர் என்று நினைத்தது

சில ஊசி மருந்துகளும் தடுப்பூசிகளும் பொடியாக வரும். கூடவே வரும் கரைப்பானை உறிஞ்சிப் பொடியில் விட்டுக் கலக்க வேண்டும். பொடிக் குப்பியின் லேபிளைப் பார்த்துப் பார்த்து எடுப்பவர்கள்கூட, கரைப்பானை ‘வெறும் தண்ணீர்தானே’ என்று எடுத்துவிடுவார்கள்.

2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசி முகாமில் 15 குழந்தைகளாவது இறந்தன. கரைப்பானுக்குப் பதில் அட்ராகுரியம் கலக்கப்பட்டிருந்தது. அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்து அது. மூச்சுக் கருவி பக்கத்தில் இல்லாமல் கொடுத்தால் ஆள் மூச்சுவிட முடியாமல் போய்விடுவார். இரண்டின் சிப்பமும் ஒத்திருந்ததாக விசாரணையில் தெரிந்தது. நான்கு வருடம் கழித்து, 2018 ஜூலையில், பசிபிக் தீவான சமோவாவில் மறுபடியும் அதே அட்ராகுரியம். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியில் கலந்து இரண்டு குழந்தைகள் இறந்தன. இரண்டு நர்ஸ்கள் சிறைக்குப் போனார்கள்.

இந்தக் கதை அங்கேயே முடிந்திருந்தால் பரவாயில்லை. தடுப்பூசியே குழந்தைகளைக் கொன்றது என்று ஊருக்குள் பேச்சுப் பரவியது. அரசு அந்தத் தடுப்பூசியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த தடுப்பூசி அளவு, மூன்றில் ஒரு குழந்தைக்கு மட்டுமே போடப்படும் நிலைக்கு வந்தது. 2019 கடைசியில் தட்டம்மை தீவுக்குள் நுழைந்தபோது 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். தடுப்பூசியில் குற்றம் இருக்கவில்லை. ஆளை மயக்காமல் தசையை மட்டும் முடக்கும் ஒரு மருந்து, தண்ணீர் என்று நினைத்து எடுக்கிற தூரத்தில் இருந்தது. அட்ராகுரியத்தைக் குளிர்ச்சியில்தான் வைக்க வேண்டும், தடுப்பூசியையும் குளிர்ச்சியில்தான் வைக்க வேண்டும் என்பதால் ஒரே ஃபிரிட்ஜ் என்பது எங்கேயும் விரிந்து காத்திருக்கும் வலை. தடுப்பூசி ஃபிரிட்ஜில் வேறு மருந்தே கூடாது என்ற விதி அதனால்தான்.

வெற்று சிரிஞ்ச்

இப்போது அடுத்த தாவலுக்கு வருவோம். ஆம்பூலின் கழுத்தை ஒடித்து, ஊசியை விட்டு மருந்தை உறிஞ்சி, சிரிஞ்சை நிமிர்த்தி விரலால் தட்டிக் காற்றுக்குமிழை வெளியேற்றியாகிவிட்டது. காலி ஆம்பூல் கூர்ப்பொருள் டப்பாவுக்குள் விழுந்த அந்த நொடியிலிருந்து, இந்த சிரிஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது உலகத்திலேயே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் போன் எடுக்கப் போனால், பக்கத்துப் படுக்கையில் யாரோ கூப்பிட்டால், ஷிஃப்ட் முடிந்து கிளம்பினால் அவ்வளவுதான்.

பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2007இல் இதற்கு ஒரு விதி சொன்னது. தயாரித்த கையோடு, நடுவில் எந்தத் தடங்கலும் இல்லாமல் அதே ஆள் நேராக நோயாளிக்குப் போடுவதானால் மட்டும் லேபிள் வேண்டாம். மற்ற எல்லா நேரத்திலும் உடனே ஒட்ட வேண்டும். எப்போதுமே ஒருவர் கையில் லேபிள் இல்லாத சிரிஞ்ச் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. விதியின் அழகு அந்தக் கடைசி வரியில்தான். ஒன்றே ஒன்று இருந்தால் குழம்ப வாய்ப்பில்லை. இரண்டாவதை எடுத்த கணமே குழப்பம் பிறந்துவிடுகிறது.

சிரிஞ்சில் எழுத வேண்டியது மருந்தின் பெயர், மி.லி.க்கு எத்தனை மி.கி., எப்போது தயாரித்தது, யார் தயாரித்தது. வார்டாக இருந்தால் நோயாளியின் பெயரும். எங்கே ஒட்டுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. குறுக்கே சுற்றி ஒட்டினால் அளவுக்கோடுகள் மறையும், பெயரைப் படிக்க சிரிஞ்சை உருட்ட வேண்டியிருக்கும். நீளவாக்கில், கோடுகளுக்குப் பக்கத்தில் ஒட்டினால் பெயரும் அளவும் ஒரே பார்வையில் தெரியும். ஊசியின் மூடியில் ஒட்டுவது வீண், மூடியைக் கழற்றியதும் பெயர் போய்விடும். பிளாஸ்டர் துண்டில் பேனாவால் கிறுக்கியது ஸ்பிரிட் பட்டதும் கரைந்துவிடும். காலி ஆம்பூலையே சிரிஞ்சோடு சேர்த்து பிளாஸ்டர் போட்டு வைப்பதும் நடக்கிறது. பெயர் கூடவே இருக்கும்தான், கூடவே உடைந்த கண்ணாடியும் இருக்கும்.

காலி சிரிஞ்சுகளில் முன்கூட்டியே லேபிள் ஒட்டி வரிசையாக வைத்துக்கொண்டு அப்புறம் மருந்து நிரப்புவதும் உண்டு. வேகமாக வேலை முடியும். ஆனால் அந்த லேபிள் சொல்வது உள்ளே இருப்பதை இல்லை, உள்ளே வைக்க நினைத்ததை. ஒரே ஒரு சிரிஞ்சில் மருந்து மாறினாலும் அது அதிகாரபூர்வமான பொய்யாகிவிடும். எதுவும் எழுதாத சிரிஞ்சைக் கண்டால் யாரும் சந்தேகப்பட்டுத் தூக்கிப் போடுவார்கள். தப்பான லேபிளை எல்லாரும் நம்புவார்கள்.

சிரிஞ்சுக்கு மட்டுமில்லை, கிண்ணத்துக்கும் இது பொருந்தும். 2004இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு மருத்துவமனையில், மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மேசையில் மூன்று கிண்ணம். படம் எடுக்க ரத்தக்குழாயில் செலுத்தும் சாயத் திரவம், சலைன், தோலைத் துடைக்கும் குளோர்ஹெக்சிடின். மூன்றும் நிறமில்லாத திரவங்கள், ஒன்றிலும் பெயர் இல்லை. சாயம் என்று நினைத்து குளோர்ஹெக்சிடினை ஏற்றிவிட்டார்கள். நோயாளி சில வாரத்தில் இறந்தார். அயோடின் கரைசலாக இருந்திருந்தால் அதன் பழுப்பு நிறமே காட்டிக்கொடுத்திருக்கும். அந்த மருத்துவமனை நடந்ததை ஒளிக்காமல் வெளியே சொன்னது. அறுவை மேசையில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் திரவத்துக்கும், ஒன்றே ஒன்று இருந்தாலும், லேபிள் வேண்டும் என்று ஜாயின்ட் கமிஷன் பின்னர் விதி வைத்தது.

நிறம் யார் பக்கம்?

அறுவை அரங்கில் சிரிஞ்ச் லேபிள்களுக்கு நிறம் உண்டு. 2008இல் வந்து 2020இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 26825 என்ற சர்வதேசத் தரம் அதை வகுக்கிறது. மயக்கத்தைத் தொடங்கும் மருந்துக்கு மஞ்சள், தூக்கத்தைத் தூண்டும் மிடசோலம் வகைக்கு ஆரஞ்சு, தசை தளர்த்திக்குப் பளிச்சென்ற சிவப்பு, மார்ஃபின் வகைக்கு நீலம், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துக்கு ஊதா, மரப்பு மருந்துக்குச் சாம்பல். முறிமருந்து என்றால் அதே நிறத்தில் வெள்ளைச் சாய்கோடுகள். மருந்தும் அதன் முறிமருந்தும் உறவினர்கள் என்பதைக் கோடே சொல்லிவிடும். நேர்த்தியான யோசனை.

ஆனால் நிறம் வகையைத்தான் சொல்கிறது, மருந்தைச் சொல்வதில்லை. மார்ஃபினும் நீலம், ஃபென்டனிலும் நீலம், இரண்டின் வீரியமும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். நீலம் என்று பார்த்துப் பழகிய கண் பெயரை விட்டுவிடும் என்பதுதான் நிறக் குறியீட்டை எதிர்ப்பவர்களின் வாதம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100க்கு 8 பேருக்கு நிறக்குருடு உண்டு என்பதும் சேரும். எனக்கென்னவோ, வேறு வகை மருந்தோடு மாறிப்போவதுதான் அதிக ஆபத்து என்பதால் நிறத்தால் வரும் லாபம் பெரிது என்றே படுகிறது. வாந்தி மருந்துக்குப் பதில் தசை தளர்த்தி போவதை ஒரு சிவப்புத் துண்டு தடுத்துவிட்டால் போதாதா?

சிக்கல் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய லேபிள் தரத்தில் நிறம் மருந்து வகையைக் குறிப்பதில்லை, எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைக் குறிக்கிறது. ரத்தக்குழாய்ச் சிரைக்கு நீலம், தமனிக்குச் சிவப்பு, முதுகுத்தண்டு மற்றும் நரம்புகளைச் சுற்றிப் போடுவதற்கு மஞ்சள், தோலுக்கடியில் என்றால் பழுப்பு மஞ்சள். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் ஒரு கணக்கில் மயக்க மருந்து, இன்னொரு கணக்கில் முதுகுத்தண்டு. இரண்டும் தனித்தனியே அறிவுள்ள ஏற்பாடுதான். அறுவை அரங்கிலிருந்து வார்டுக்கு ஒரு சிரிஞ்ச் பயணம் செய்யும்போது நிறம் மொழி மாறிவிடுகிறது. எந்த நிறம் எதைச் சொல்கிறது என்று அந்தந்த இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நிறத்தை நம்பக் கூடாது.

எழுத்தால் முடியாததை வடிவம் செய்யும்

மருந்து சரி, அளவு சரி, போன இடம் தப்பு என்பதும் நடக்கும். வின்கிரிஸ்டின் புற்றுநோய் மருந்து, ரத்தக்குழாயில் மட்டுமே போட வேண்டும். முதுகுத்தண்டு நீரில் போனால் அநேகமாக மரணம்தான், அதுவும் வேதனையான மரணம். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முதுகில் போட வேண்டிய வேறொரு மருந்தும் அதே நாளில் வருவதுண்டு. இரண்டும் சிரிஞ்சில், ஒரே தட்டில். வேறு வழியில் கொடுத்தால் உயிர் போகும் என்று லேபிளில் கொட்டை எழுத்தில் எழுதித்தான் பார்த்தார்கள். பிழை நிற்கவில்லை. 2007இல் உலக சுகாதார நிறுவனம் வேறு வழி சொன்னது. சிரிஞ்சிலேயே தராதீர்கள், சின்னப் பையில் நீர்த்து அனுப்புங்கள். பையில் ஐம்பது மி.லி. போல இருக்கும். அதை முதுகில் ஏற்ற யாருக்கும் தோன்றாது. லேபிள் கத்திச் சொன்னதைப் பை சத்தமில்லாமல் செய்துவிட்டது.

டிரனெக்சமிக் அமிலத்தின் கதை இன்னும் புதிது. பிரசவ ரத்தப்போக்கில் உயிர் காக்கும் என்று 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் உறுதி செய்த பிறகு, அது பிரசவ அறுவை அரங்குகளில் கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. அங்கேதான் முதுகில் போடும் மரப்பு மருந்தான புப்பிவகைனும் இருக்கும். இரண்டுமே தெளிந்த திரவம், பல தயாரிப்புகளில் ஆம்பூலும் ஒரே மாதிரி. மாறி முதுகுத்தண்டில் போனால் கடும் முதுகுவலி, வலிப்பு, இதயத்துடிப்புக் கோளாறு. இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் எச்சரித்தது. நல்ல மருந்து ஒன்று புதிதாக வந்து சேர்ந்த அலமாரியில், பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்க ஆளில்லாமல் போனதுதான் இதன் மூலம்.

முதுகுத்தண்டு ஊசிக்கும் ரத்தக்குழாய் ஊசிக்கும் சிரிஞ்சின் முனை ஒன்றேபோல் இருப்பதால்தான் இதெல்லாம் சாத்தியமாகிறது. நரம்புவழி ஊசிகளுக்கென்று பொருந்தாத தனி முனையை 2016இல் ஐ.எஸ்.ஓ. 80369-6 என்ற தரமாகக் கொண்டுவந்தார்கள். சாதாரண சிரிஞ்சை அதில் மாட்டவே முடியாது. முதுகுக்கான சிரிஞ்சிலேயே தப்பான ஆம்பூலை உறிஞ்சினால் அதுவும் காப்பாற்றாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்குத் திரும்பவும் ஆம்பூல் லேபிள்தான் கதி.

பார்கோடு ஸ்கேன் செய்வது, கம்பெனியிலேயே நிரப்பி லேபிளோடு வரும் சிரிஞ்ச் இரண்டும் நல்ல துணை. நிரப்பி வரும் சிரிஞ்ச் ஒரு தாவலையே இல்லாமல் செய்கிறது. விலைதான் அதிகம்.

கடைசித் தாவல் ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்கு யாரும் லேபிள் ஒட்ட முடியாது. அறுவை முடிந்து நோயாளி வார்டுக்கு வந்துவிட்டார், நன்றாகப் பேசுகிறார். கையில் கேனுலா, அதாவது மருந்து ஏற்றுவதற்காக ரத்தக்குழாயில் விட்டிருக்கும் மெல்லிய குழாய். மணிக்கணக்கு கழித்து நர்ஸ் அதில் ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார். திடீரென்று நோயாளியால் பேச முடியவில்லை, கையைத் தூக்க முடியவில்லை, மூச்சு நிற்கிறது, நினைவு மட்டும் இருக்கிறது. அறுவையின்போது போட்ட தசை தளர்த்தியில் ஒரு மி.லி.க்கும் குறைவாகக் கேனுலாவிலும் அதன் குட்டைக் குழாயிலும் தங்கியிருந்திருக்கிறது. புது மருந்து அதை முன்னால் தள்ளிவிட்டது. நர்ஸ் கையில் இருந்த சிரிஞ்சின் லேபிள் நூற்றுக்கு நூறு சரி. குழந்தைகளிடம் இந்தத் துளியே பெரிய டோஸ். இங்கிலாந்தில் 2017இல் இதற்கென்று ஓர் எச்சரிக்கை வந்தது. நோயாளி அறுவை அரங்கை விட்டு வெளியேறும் முன், தேவையில்லாத குழாய்களை எடுத்தாயிற்றா, மீதியைச் சலைன் விட்டுக் கழுவியாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்டு, கேட்டதைத் தாளில் எழுதி வைக்க வேண்டும்.